வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயில் காரீயமாம். வீட்டுக்காரர் தோண்ட விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறோம்.

வாசகியும் கணவரும் 1926-ல் கட்டிய இரண்டு குடும்ப வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். மாடியில் வீட்டுக்காரர். அவரும் தமிழர்தான், ‘அங்கிள்’ என்று கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். குழந்தைக்கு எட்டு மாதம். குடிப்பது பெரும்பாலும் பவுடர் பால். போன மாதம் தண்ணீர் வழங்கும் தனியார் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் சர்வீஸ் லைனில் கம்பெனிப் பக்கம் என்ன குழாய் என்று தெரியவில்லை, வீட்டுப் பக்கம் கால்வனைஸ்டு இரும்பு (துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்), மாநிலச் சட்டப்படி இது காரீயக் குழாயாகவே கருதப்படும், மாற்றித் தர வீட்டு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும் என்று அதில் இருந்தது. விசாரித்தால், அங்கிளுக்கு இதே விஷயமாக 2022-லேயே கடிதம் வந்திருக்கிறது. “அது ஜி.ஐ. பைப்தாம்மா, காரீயமே கிடையாது. டிரைவ்வே போட்டு ஒரு வருஷம்கூட ஆகல. 2031 வரைக்கும் டைம் இருக்கு. அடுத்த வசந்தத்துல வீட்டை விக்கப் போறேன், வாங்கறவங்க பாத்துக்கட்டும்” என்கிறார்.

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், கும்பகோணத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறோம், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டு, குழந்தைக்கான தண்ணீரைப் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிவைக்கிறார். கம்பெனியின் ஆண்டு அறிக்கையில் ‘அளவுக்குள் இருக்கிறது’ என்று போட்டிருப்பதால் கவலை வேண்டாம் என்பது கணவரின் கட்சி. சிகாகோவிலிருக்கும் நாத்தனாரோ, அங்கே குழாய் மாற்ற பிளம்பர் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டதாகப் பயமுறுத்துகிறார். செலவு எங்கள் தலையில் விழுமா, வாடகையை நிறுத்திவைத்து அங்கிளை வழிக்குக் கொண்டுவரலாமா, வீட்டையே மாற்றிவிடலாமா, குழந்தைக்கு ஏற்கெனவே பாதிப்பு வந்திருக்குமா? இவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, இன்று இரவு குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீர். இதற்கு அங்கிளின் கையெழுத்தும் வேண்டாம், கம்பெனியின் தயவும் வேண்டாம். ஒரே நாளில் முடிகிற வேலை. மற்றொன்று, மண்ணுக்குள் கிடக்கும் குழாய். அதற்குச் சில மாதங்கள் ஆகும், பேச்சுவார்த்தை வேண்டும், கொஞ்சம் சட்டமும் வேண்டும். முதலாவதை முடித்துவிட்டால் இரண்டாவதை நிதானமாகக் கையாளலாம். பதற்றத்தில் வாடகையை நிறுத்துவது போன்ற காரியத்தில் இறங்க வேண்டியிருக்காது.

கொதிக்க வைப்பதை முதலில் நிறுத்துங்கள்

மாமியாரின் அக்கறை புரிகிறது. கிருமிக்குக் கொதிநீர் நல்ல மருந்து. காரீயம் கிருமி அல்ல, உலோகம். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராம் காரீயம் இருக்கிறது என்று வையுங்கள். பத்து நிமிடக் கொதிப்பில் அது 800 மில்லியாகச் சுண்டினால், அதே 10 மைக்ரோகிராம் இப்போது 800 மில்லியில் இருக்கும். அதாவது 10 பிபிபி தண்ணீர் 12.5 பிபிபி ஆகிவிடும். ஒரு பிபிபி என்பது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்.

ஈயச் சொம்பு விஷயத்தில் தமிழே நம்மைக் குழப்புகிறது. ஈயம் என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகங்களைச் சொல்லிவிடுகிறோம். ரசச் சொம்பு வெள்ளீயம். காலியாக அடுப்பில் வைத்தால் உருகி வழிந்துவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பார்களே, அதன் உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ்தான். குழாய் விவகாரத்தில் பேசப்படுவது காரீயம். முற்றிலும் வேறு உலோகம், மூளையைத் தாக்குவது. அத்தையிடம் இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. கலப்படச் சொம்பில் புளி ரசம் வைத்தால் காரீயம் ரசத்தில் இறங்கும். கலப்படமில்லை என்று சோதித்து உறுதிசெய்யாத சொம்பில் குழந்தைக்கும் பாலூட்டும் தாய்க்கும் சமைக்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு காரீய வாசல் திறந்திருக்கும்போது இன்னொன்று எதற்கு?

இன்றே வாங்க வேண்டிய ஃபில்டரைப் பார்ப்போம். ஃபிரிட்ஜில் வைக்கும் சாதாரண ஜக் ஃபில்டர்களில் பல, குளோரின் வாசனையைப் போக்க மட்டுமே சான்று பெற்றவை. ஃபிரிட்ஜ் கதவிலிருந்து வரும் தண்ணீரின் ஃபில்டருக்கும் இதே சந்தேகம் உண்டு. பெட்டியில் ‘என்எஸ்எஃப் / ஆன்சி 53’ என்ற தரச் சான்று எண் இருந்தால் மட்டும் போதாது. அந்த எண்ணின் கீழ் ‘லெட் ரிடக்‌ஷன்’ (காரீயத்தைக் குறைக்கும்) என்று எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் 53 என்பது பல மாசுகளுக்குமான பொதுத் தரம். உங்கள் குழாய் துருப்பிடித்த இரும்பு என்பதால், நுண்துகள்களைப் பிடிக்கும் 42-ஆம் எண் சான்றும் சேர்ந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆர்.ஓ. கருவி என்றால் 58-ஆம் எண். ஆர்.ஓ. நல்லதுதான், ஆனால் வாடகை வீட்டில் சிங்க் அடியில் துளை போட அங்கிளைக் கேட்க வேண்டும். குழாய் முனையில் திருகும் ஃபில்டரே இப்போதைக்குப் போதும்.

ஃபில்டர் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். சூடான தண்ணீரை அதற்குள் விடுவது ஒன்று. கார்ட்ரிட்ஜில் போட்டிருக்கும் கேலன் கணக்கைத் தாண்டி ஓட்டுவது மற்றொன்று. பாத்திரம் கழுவும்போது பைபாஸ் பக்கம் திருப்பிவிடுங்கள், கார்ட்ரிட்ஜ் நீண்ட நாள் வரும். பால் கலக்க எப்போதும் குளிர்ந்த குழாயின் தண்ணீரை ஃபில்டரில் பிடித்து, அதன் பிறகு சுட வையுங்கள். சூடான குழாய்த் தண்ணீர் காரீயத்தைக் கூடுதலாகக் கரைக்கும், அதை நேரடியாகப் பாலுக்கோ சமையலுக்கோ எடுக்க வேண்டாம். ஃபில்டர் வந்து சேரும்வரை பாட்டில் தண்ணீர். குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் தடையில்லை, காரீயம் தோல் வழியாக உள்ளே போவதில்லை.

காலையில் தண்ணீரை ஓடவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். உதவும். முக்கால் அங்குலக் குழாயில் ஓர் அடிக்குச் சுமார் 87 மில்லி தண்ணீர் நிற்கும். தெருவிலிருந்து மீட்டர்வரை 60 அடி, மீட்டரிலிருந்து சமையலறைவரை 25 அடி என்றால், இரவு முழுக்கக் குழாயில் ஊறிய தண்ணீர் ஏழரை லிட்டர் அளவு. அரை நிமிடம் திறந்துவிட்டுப் பிடித்தால், சரியாக சர்வீஸ் லைனில் ஊறிய தண்ணீரைத்தான் பிடிப்பீர்கள். திறக்காமல் பிடித்ததைவிட அது மோசமாகக்கூட இருக்கலாம். ஐந்து நிமிடம் ஓட வேண்டும், அல்லது யாராவது குளித்து முடித்த பிறகு பிடிக்க வேண்டும். எப்படியானாலும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஓடவிடுவது ஃபில்டருக்குத் துணை, அவ்வளவுதான். அதை மட்டும் நம்ப முடியாது.

‘அளவுக்குள் இருக்கிறது’ என்றால்

கணவர் படித்த அறிக்கை பொய்யல்ல. ஆனால் அது உங்கள் குழாயைப் பற்றியது அல்ல. மத்திய அரசின் ஃபெடரல் விதியிலுள்ள 15 பிபிபி ‘நடவடிக்கை அளவு’ இப்படி வேலை செய்கிறது: கம்பெனி தன் எல்லைக்குள் சில வீடுகளில் மாதிரி எடுக்கும், 100 வீடுகளில் எடுத்தால், குறைந்ததிலிருந்து கூடியதாக வரிசைப்படுத்தி 90-ஆவது வீட்டின் எண்ணைப் பார்க்கும். அது 15-க்குள் இருந்தால் அமைப்பு ‘அளவுக்குள்’ இருக்கிறது. மிச்சமுள்ள பத்து வீடுகளில் 40 இருந்தாலும் 100 இருந்தாலும் அறிக்கையின் அந்த வரி மாறாது. உங்கள் வீட்டில் மாதிரியே எடுத்திருக்க மாட்டார்கள். அதோடு 15 என்பது, தண்ணீர் குழாயை அரிக்காமல் பார்த்துக்கொள்ளும் அரிப்புக் கட்டுப்பாடு சரியாக நடக்கிறதா என்று பார்க்க 1991-ல் வைத்த தொழில்நுட்ப அளவு. உடல்நல இலக்காக அதே விதி வைத்திருக்கும் எண் பூஜ்யம். 2024 அக்டோபரில் வந்த ஃபெடரல் திருத்தம் 15-ஐ 10 ஆகக் குறைக்கிறது, 2027 நவம்பரிலிருந்து.

உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமென்றால் மாநிலச் சான்று பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் தண்ணீர் திறக்காமல் இருந்த பிறகு, குழாய் முனையில் இருக்கும் வலைமூடியைக் கழற்றாமல், ஃபில்டர் வழியாக இல்லாமல், அடுத்தடுத்து ஐந்து பாட்டில்களில் ஒவ்வொரு லிட்டராகப் பிடிக்க வேண்டும். முதல் லிட்டர் சமையலறைக் குழாயையும் அதன் அருகிலுள்ள பற்றவைப்புகளையும் காட்டும். ஐந்தாவது, சர்வீஸ் லைன் பக்கமிருந்து வந்ததைக் காட்டும். அந்த இரண்டையும் சோதிக்கச் சொன்னால் போதும். கூடுதலாக வந்தால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. குறைவாக வந்தால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். துருப்பிடித்த குழாயிலிருந்து காரீயம் தினமும் ஒரே சீராக வராது. ஒரு நாள் ஒன்றுமிருக்காது, பக்கத்துத் தெருவில் தோண்டிய மறுநாள் துகளாக உதிரும்.

ஜி.ஐ. பைப்பைச் சட்டம் ஏன் காரீயம் என்கிறது

அங்கிள் சொல்வது பாதி சரி. பேஸ்மென்டில் மீட்டருக்கு முன்னால் சுவரைத் துளைத்து வரும் குழாயில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், ஒரு நாணயத்தால் லேசாகச் சுரண்டினால் வெள்ளியாகப் பளபளத்தால் காரீயம். செம்பு நிறமானால் தாமிரம். உங்கள் வீட்டில் காந்தம் ஒட்டும். அப்படியும் அது ஏன் சிக்கல்? அந்தக் காலத்தில் தெருவின் பெரிய குழாயோடு வீட்டுக் குழாயை இணைக்க, வளைந்து கொடுக்கும் காரீயத் துண்டு ஒன்றைப் போடுவது வழக்கம். வாத்துக் கழுத்து மாதிரி இருப்பதால் கூஸ்நெக் என்பார்கள். அதிலிருந்து பல பத்தாண்டுகள் கரைந்த காரீயம், இரும்புக் குழாயின் உள்சுவரில் படிந்த துருவில் ஊறிப்போய்க் கிடக்கிறது. தெருப் பக்கம் இருக்கும் அந்தக் காரீயத் துண்டை எடுத்துவிட்டாலும் துரு அதை விடாது, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். போதாததற்குப் பழைய துத்தநாகப் பூச்சிலேயே காரீயம் கலந்திருந்தது.

இந்த இடத்தில் நியூ ஜெர்சி சட்டம் ஃபெடரல் விதியைவிடக் கண்டிப்பானது. அதற்கு முன்னால் தெருப் பக்கம் காரீயக் குழாய் இருந்ததா, எப்போதாவது இருந்திருக்குமா என்பதை ஒட்டித்தான் ஃபெடரல் விதி கால்வனைஸ்டு குழாயை எடைபோடும். 2021 ஜூலை 22-ல் கவர்னர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட மாநிலச் சட்டம் அந்த விசாரணையே வேண்டாம் என்றுவிட்டது: கால்வனைஸ்டு என்றால் காரீயம் என்றே கணக்கு; ஒரு காரீயக் கூஸ்நெக் மட்டும் இருந்தாலும் முழு இணைப்பும் காரீயக் குழாய்தான். ஆகவே “காரீயமே கிடையாது” என்ற வாதம் இங்கே எடுபடாது.

அதே சட்டம்தான் எல்லாக் காரீயக் குழாய்களையும் பத்தாண்டுக்குள், அதாவது 2031-க்குள், மாற்றச் சொல்கிறது. கம்பெனிகள் 2022 ஜனவரிக்குள் கணக்கெடுக்க வேண்டியிருந்தது, காரீயக் குழாய் உள்ளவர்களுக்குத் தகவல் தர வேண்டியிருந்தது. அங்கிளுக்கு 2022-ல் வந்தது அந்தத் தகவல்தான். பில் கட்டாத குடியிருப்போருக்கும் தெரிய வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். அது உங்கள் கைக்கு வராமல் போனது வருத்தம்தான். ஆனால் பழைய கணக்கைக் கிளறி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. 2031 என்பது கம்பெனி தன் எல்லைக்குள் கடைசிக் குழாயை மாற்றி முடிக்க வேண்டிய தேதி. உங்கள் வீட்டுக் குழாய் அதுவரை அப்படியே கிடக்கலாம் என்று யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

பாதிக் குழாயை மட்டும் மாற்றும் பழைய பழக்கத்தையும் இந்தச் சட்டம் ஏற்பதில்லை. நல்ல காரியம் செய்தார்கள். முன்பெல்லாம் தெருப் பக்கத்தை மட்டும் தாமிரமாக மாற்றிவிட்டு, வீட்டுப் பக்கத்தை விட்டுவிடுவார்கள். பழைய குழாயை வெட்டும் அதிர்வில் உள்ளே படிந்தது உதிரும். புதிய தாமிரமும் பழைய காரீயமும் தொடும் இடத்தில் மின்வேதி அரிப்பு தொடங்கும். மாற்றிய பிறகு அளவு ஏறிய வீடுகள் உண்டு. அதனால் அங்கிள் கையெழுத்துப் போடாவிட்டால், “சரி, எங்கள் பக்கத்தையாவது மாற்றிவிடுகிறோம்” என்று கம்பெனி வந்துவிட்டுப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

செலவு யாருடையது?

உங்களுடையது அல்ல. உங்கள் ஊரில் தண்ணீர் தருவது தனியார் கம்பெனி என்கிறீர்கள். அப்படியானால், மாநிலப் பயன்பாட்டு வாரியத்தின் ஒப்புதலோடு செலவை எல்லா வாடிக்கையாளர் பில்லிலும் சிறு கூடுதலாகப் பரப்பிவிடும் ஏற்பாடு இருக்கிறது. அந்தக் கூடுதலை அங்கிள் எப்படியும் கட்டுவார், குழாயை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும். மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்குள் இருக்கும் குழாய்களும் பித்தளைக் குழாய்முனைகளும் இந்தச் சட்டத்தில் வராது. 2014-க்கு முன் வாங்கிய சமையலறைக் குழாய்முனை என்றால் அதை மாற்றுவது உரிமையாளரின் செலவு.

நாத்தனார் சொன்னதும் பொய்யில்லை. மாநிலம் மாறினால் கதை மாறும். மிச்சிகன் மாநிலம், தன் ஃப்ளின்ட் நகரத்தின் குடிநீரில் காரீயம் கலந்த அவலத்துக்குப் பிறகு 2018-ல் விதியைத் திருத்தி, இரு பக்கச் செலவையும் தண்ணீர் அமைப்பின் மேல் போட்டது, 20 ஆண்டுக் கெடுவோடு. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம் 2022-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் ஊரின் குழாய் எண்ணிக்கையைப் பார்த்துக் கெடுவை நீட்டிக் கொடுத்தது. சிகாகோவில் மட்டும் சுமார் 4 லட்சம் காரீயக் குழாய்கள்; 1986-ல் ஃபெடரல் தடை வரும்வரை அந்த நகரத்தின் பிளம்பிங் விதியே காரீயத்தைத்தான் போடச் சொன்னது. அங்கே முறை வரும்வரை காத்திருக்க முடியாமல் சொந்தமாக மாற்றுபவர்கள் பெரிய தொகை கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்குப் போடாதீர்கள்.

அங்கிளிடம் பேசுவது

படிவத்தில் உரிமையாளர்தான் கையெழுத்திட முடியும், வாடகைதாரர் போட்டால் செல்லாது. அவருக்கு இருக்கும் பயம் இரண்டு: டிரைவ்வே, வீட்டு விற்பனை. இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

இப்போதெல்லாம் முழு நீளத்துக்கும் பள்ளம் வெட்டுவது குறைவு. நடைபாதை ஓரத்து வால்வில் ஒரு குழி, பேஸ்மென்ட் சுவரில் ஒரு துளை; பழைய குழாயின் தடத்திலேயே புதிய குழாயை இழுத்துவிடுவார்கள். மண் ஒத்துழைத்தால் சில மணி நேர வேலை. பாறையோ மர வேரோ குறுக்கிட்டால் தோண்ட வேண்டியும் வரலாம், அதை மறைக்க வேண்டாம். கம்பெனியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்த முறையில் செய்வார்கள், டிரைவ்வே உடைந்தால் ஒட்டுப் போடுவார்களா முழுதாகப் போட்டுத் தருவார்களா, புதிய குழாய் தாமிரமா பிளாஸ்டிக்கா. இந்தக் கடைசிக் கேள்வி பலர் கேட்க மறப்பது. பழைய வீடுகளில் மின்சார எர்த் கம்பியை உலோகத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். குழாய் பிளாஸ்டிக் ஆனால் எர்த் போய்விடும். எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனியாக எர்த் ராடு போட வேண்டும்.

விற்பனை விஷயத்தில் அங்கிள் கணக்கு தலைகீழாக இருக்கிறது. வீட்டில் காரீயக் குழாய் இருக்கிறதா என்ற கேள்வியை நியூ ஜெர்சி 2021-லேயே விற்பனை அறிவிப்புப் படிவத்தில் சேர்த்துவிட்டது. 2024 ஆகஸ்ட் முதல் அந்தப் படிவத்தை நிரப்பித் தருவது விற்பவருக்குக் கட்டாயம். கம்பெனியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘தெரியாது’ என்று எழுதினால் பிறகு வழக்கு வரும். ‘ஆம்’ என்று எழுதினால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். இலவசமாக மாற்றி ‘தாமிரம்’ என்று எழுதுவதே அவருக்கு லாபம். மாமியாரும் கூட இருக்கும் ஒரு சாயங்காலம், காபியோடு, இப்படித் தொடங்கலாம்: “அங்கிள், சண்டைக்கு வரல. கம்பெனி செலவுலயே மாத்தித் தராங்க. விக்கும்போது அந்த ஃபார்ம்ல எழுதித்தானே ஆகணும்? இப்பவே முடிச்சிட்டா உங்களுக்குத்தான் வசதி.” பேசி முடித்த அன்றே, பேசியதை நாலு வரியில், மரியாதையாக, ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள். பழக்கம் பழக்கமாக இருக்கட்டும், தாளிலும் ஒரு தடம் இருக்கட்டும்.

அப்படியும் மறுத்தால், உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று விசாரிக்கலாம். உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் உள்ளே நுழைந்து குழாயை மாற்ற வழிசெய்யும் உள்ளூர் ஆணையை நகராட்சிகள் கொண்டுவரலாம் என்று இன்னொரு சட்டமும் இருக்கிறது. நம் மாநிலத்தின் நியூவார்க் நகரம் 2019-லேயே அப்படி ஓர் ஆணை போட்டதால்தான், 23,000-க்கும் மேற்பட்ட குழாய்களை மூன்றாண்டுக்குள் உரிமையாளர்களிடம் காசு வாங்காமல் மாற்ற முடிந்தது. உரிமையாளரைத் தேடியே பாதி நாள் போயிருக்கும் வாடகை வீடுகள் அங்கே அதிகம்.

வாடகையை நிறுத்தாதீர்கள்

இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். 1970-ல் மாநில உச்ச நீதிமன்றம் மாரினி எதிர் அயர்லாண்ட் வழக்கில், உரிமையாளர் செய்ய வேண்டிய அத்தியாவசியப் பழுதை வாடகைதாரரே செய்து வாடகையில் கழிக்கலாம் என்றது. அதை யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் பொதுக் குழாயோடு இணைந்த சர்வீஸ் லைனை நீங்களாக மாற்ற முடியாது; ஃபில்டர் போட்டால் தண்ணீர் குடிக்கத் தக்கதாகும்போது ‘வாழத் தகுதியற்ற வீடு’ என்று நிறுவுவதும் கடினம்.

அதைவிட முக்கியமானது, நியூ ஜெர்சியின் புகழ்பெற்ற வெளியேற்றத் தடைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. உரிமையாளரே குடியிருந்து, வாடகைக்கு இரண்டு பகுதிகளுக்கு மேல் விடாத வீடுகளுக்கு அதில் விலக்கு உண்டு. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கி வெளியேற்றக் கூடாது என்ற சட்டத்திலும் அதே விலக்கு. உங்களைக் காப்பது வாடகை ஒப்பந்தத்தின் காலம் மட்டுமே. ஒப்பந்தம் முடிந்து மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு மாத நோட்டீசில் காலி செய்யச் சொல்ல முடியும். வாடகையை நிறுத்தினால் அந்த நோட்டீஸ்கூட வேண்டாம், நேரே வழக்குப் போடலாம். அந்த வழக்கு உங்கள் பெயரில் பதிவாகி அடுத்த வீடு தேடும்போதும் வந்து நிற்கும். ஒப்பந்தத்தை எடுத்து முடிவுத் தேதியை இன்றே பாருங்கள். நோட்டீஸ் ஏதாவது வந்துவிட்டால் லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி அமைப்பை அழைக்கலாம். வருமான வரம்புக்குள் இருந்தால் இலவச உதவி உண்டு.

வீடு மாற்றுவது? குழாய்க்காக மட்டும் என்றால் அவசரம் வேண்டாம், பக்கத்துத் தெருவின் பழைய வீட்டிலும் இதே கதை இருக்கும். 1926 வீடு என்பதால் நான் குழாயைவிடப் பெயின்டைப் பற்றித்தான் அதிகம் யோசிப்பேன். 1978-க்கு முன் கட்டிய வாடகைப் பகுதிகளில் காரீயப் பெயின்ட் சோதனை செய்ய வேண்டும் என்று 2021-ன் மற்றொரு மாநிலச் சட்டம் சொல்கிறது. அந்தச் சான்றிதழை அங்கிளிடம் கேளுங்கள். எட்டு மாதக் குழந்தை இனித் தவழும். ஜன்னல் விளிம்பில் உதிரும் பெயின்ட் தூள் தரைக்கு வரும், தரையிலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு.

குழந்தைக்கு

பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு உடலில் சேரும் காரீயத்தில் 40 முதல் 60 சதவீதம்வரை தண்ணீர் வழியாக வரக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு. அதனால்தான் ஃபில்டரை முதலில் வைத்தேன். நியூ ஜெர்சியில் எல்லாக் குழந்தைகளுக்கும் 12 மாதத்திலும் 24 மாதத்திலும் ரத்தக் காரீயச் சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. நீங்கள் 12 மாதம்வரை காத்திருக்க வேண்டாம். கம்பெனியின் கடிதத்தைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி இப்போதே எழுதித் தரச் சொல்லுங்கள். விரலில் குத்தி எடுக்கும் சோதனையில், தோலில் ஒட்டிய தூசியால் பொய்யாகக் கூடுதல் காட்டலாம், 3.5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் உறுதிசெய்வார்கள். அந்த 3.5 என்பது ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்துக்கு; மற்ற குழந்தைகளைவிடக் கூடுதல் என்பதைக் காட்டும் ஒப்பீட்டு எண். அதற்குக் கீழே எல்லாம் பாதுகாப்பு என்றும் பொருளல்ல, மேலே போனால் பேரழிவு என்றும் பொருளல்ல. காரணத்தை நிறுத்தினால் ரத்த அளவு மெல்ல இறங்கும். இரும்புச்சத்துக் குறைவான உடல் காரீயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால், திட உணவு தொடங்கும்போது இரும்புச்சத்தைப் பற்றியும் மருத்துவரைக் கேளுங்கள்.

மாற்றும் நாளில்

கையெழுத்துக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு முன் டிரைவ்வேயையும் பேஸ்மென்ட் சுவரையும் படம் எடுங்கள். வெளியே எடுத்த பழைய குழாயையும், உள்ளே வந்த புதிய குழாயையும் கண்ணால் பார்த்துப் படம் எடுங்கள். இது வீண் சந்தேகமில்லை. நியூவார்க்கில் சில இடங்களில் மாற்றாமலேயே மாற்றியதாகக் கணக்குக் காட்டியதாக ஓர் ஒப்பந்ததாரரின் ஆட்கள் மேல் 2024-ல் ஃபெடரல் வழக்கே வந்தது.

வேலை முடிந்ததும் தண்ணீரைக் குடிக்கவோ ஃபில்டரில் விடவோ கூடாது. வீட்டிலுள்ள எல்லாக் குளிர்நீர்க் குழாய்களின் வலைமூடிகளையும் கழற்றுங்கள். பேஸ்மென்டில் தொடங்கி மேலே போகும் வரிசையில் ஒவ்வொன்றாக முழு வேகத்தில் திறந்து, எல்லாம் ஒரே நேரத்தில் குறைந்தது அரை மணி நேரம் ஓடட்டும். மாடியில் அங்கிளும் சேர்ந்து திறந்தால்தான் முழு வீடும் கழுவப்படும். பிறகு வலைமூடிகளைக் கழுவி மாட்டுங்கள். ஷவர் தலையிலும் வாஷிங் மெஷினின் தண்ணீர் நுழையும் சல்லடையிலும் துரு அடைத்திருக்கும், அதையும் பாருங்கள். கம்பெனி ஒரு ஃபில்டரும் ஆறு மாதத்துக்கான கார்ட்ரிட்ஜும் தர வேண்டும். வாங்கி வைத்து அந்த ஆறு மாதமும் அதிலேயே பிடியுங்கள். மாற்றிய முதல் சில வாரங்களில் காரீய அளவு ஏறுவது சகஜம். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மறுசோதனைக்கு மாதிரி கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள், முடிவை எழுத்தில் வாங்கி அங்கிளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வீட்டை விற்கும்போது அவருக்கு அது வேண்டியிருக்கும்.